பேய்மிரட்டிக் கஷாயமும் ஒரு ரெக்கார்டு நோட்டும்

அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறீர்களா? தூக்கத்துக்காகச் சொல்லவில்லை. இந்த ரோட்டில் போகிற பஸ்ஸில் எவனால் தூங்க முடியும். அந்த ஃபோனில் பேசுகிறவனைத் தாங்க முடியவில்லை, அதனால்தான். பதினைந்தே நாளில் கட்டி கரைந்து வெளியே வந்துவிடும் என்கிறானே, எந்த வழியாக வெளியே வரும் என்று கேளுங்கள். சொல்ல மாட்டான். பின்னால் ஒரு பச்சைத் துணி, முன்னால் மேஜை, மேஜைமேல் நாலு கொப்பு. வைத்தியர் ஆகிவிட்டான். கையில் பிடித்து ஆட்டுகிறானே, அது என்ன இலை என்றாவது தெரியுமா அவனுக்கு? முள்சீத்தா என்கிறான். இலையில் பளபளப்பே இல்லை, பாருங்கள். அது சாதாரணச் சீத்தா. பார்த்தவர்கள் ஏழு லட்சம் பேர் என்று கீழே போட்டிருக்கிறது. ஏழு லட்சத்தில் ஒருவனுக்கும் சீத்தாவுக்கும் முள்சீத்தாவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

யாருக்காவது அனுப்பப் போகிறீர்களா? சும்மாதான் பார்க்கிறீர்களா. எல்லோரும் சும்மாதான் பார்க்கிறார்கள். பிறகு மைத்துனிக்கு அனுப்புகிறார்கள்.

நான் தாவரவியல் பேராசிரியர். தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரி. அதற்கு முன்னால் ஏழு வருஷம் தென்கொரியாவில் இருந்தேன். அங்கே ஒரு செடியிலிருந்து ஒரே ஒரு சேர்மத்தைப் பிரித்தெடுக்க நாலு வருஷம் உட்கார்ந்தோம். நாலு வருஷம், பதினொரு பேர், ஒரு சேர்மம். கடைசியில் அது எலிக்கே ஒத்துக்கொள்ளவில்லை. தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனோம். யாரும் அழவில்லை, யாரும் பேட்டி கொடுக்கவில்லை. ஊருக்குத் திரும்பி வந்து பார்த்தால் இங்கே தெருவுக்கு ஒருவன் புற்றுநோய்க்கு மருந்து வைத்திருக்கிறான்.

செடியில் மருந்து இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நான் முட்டாள். நித்யகல்யாணி தெரியும் அல்லவா, சுடுகாட்டு ஓரத்தில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடக்குமே? குழந்தைகளுக்கு வருகிற இரத்தப் புற்றுக்கு இன்றைக்கும் அதிலிருந்து எடுத்த மருந்தைத்தான் நரம்பில் ஏற்றுகிறார்கள். ஆனால் ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ இலை வேண்டும். பிரித்து, சுத்தம் செய்து, எடைக்குத் தக்கபடி அளந்து, அதற்கப்புறமும் பயந்து பயந்துதான் ஏற்றுவார்கள். அளவு கொஞ்சம் கூடினால் ஆளே போய்விடும். ஆட்டுக்கு அது தெரியும். எந்த ஆடாவது நித்யகல்யாணியைக் கடித்துப் பார்த்திருக்கிறீர்களா? மனிதன்தான் பறித்துக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு, இயற்கை என்கிறான். அரளியும் இயற்கைதான்.

சரி, இவ்வளவு கோபம் எதற்கு என்று பார்க்கிறீர்கள். காரணம் இருக்கிறது. நான் இப்போது பல்கலைக்கழகத்துக்கு விளக்கம் கொடுக்கப் போய்க்கொண்டிருக்கிறேன். இந்த வயதில், இந்தப் படிப்புக்கு, விளக்கம். அதுவும் யாரால்? தண்ணீர்த்தொட்டி வால்வு திறக்கிற ஒருவனாலும், பீடி சுற்றுகிற அவன் பெண்டாட்டியாலும், என்னிடமே ஆராய்ச்சி செய்த ஒரு பெண்ணாலும். கேளுங்கள். கேட்டுவிட்டு நியாயத்தைச் சொல்லுங்கள்.

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் ஆராய்ச்சி எப்படி நடக்கிறதென்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு மாணவி, ஒரு செடி, மூன்று நாலு வருஷம். அவ்வளவுதான். இதுவரை யாரும் தொடாத செடியாக இருக்க வேண்டும். துளசியை எப்போதோ முடித்துவிட்டார்கள். வேம்பை ஆயிரம் பேர் முடித்துவிட்டார்கள். நான் வந்து சேர்ந்தபோது வேலியோரத்துச் செடிகள்தான் மிச்சம். ஹசீனா என்று ஒரு பெண், கடையநல்லூர்க்காரி, அவளுக்குப் பேய்மிரட்டி கிடைத்தது. பார்த்திருப்பீர்கள், பச்சை இலையையே திரியாகத் திரித்து எண்ணெயில் போட்டு விளக்கு எரிப்பார்களே, அதுதான்.

வேலை ஒன்றும் பெரிதில்லை. இலையைக் காயவை, பொடியாக்கு, மெத்தனாலில் ஊறவை, வடிகட்டு, வற்றவை. பிசின் மாதிரி ஒன்று அடியில் தங்கும். குப்பியில் அடைத்து, புற்றுநோய்ச் செல் வளர்க்கிற ஆய்வுக்கூடத்துக்குக் கூரியரில் அனுப்பு. என்றைக்கோ இறந்துபோன ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் மார்புப் புற்றிலிருந்து வந்த செல், ஐம்பது வருஷமாகக் கண்ணாடித் தட்டில் பெருகிக்கொண்டே இருக்கிறது. அதன்மேல் நம் பிசினைக் கரைத்து ஊற்றுவார்கள். பத்து நாளில் படத்தோடு முடிவு வரும். முடிவு பெரும்பாலும் ஒன்றுதான்: செல் செத்தது. ஏன் சாகாது? சோப்புத் தண்ணீர் ஊற்றினாலும் சாகும். உப்பைக் கரைத்து ஊற்றினாலும் சாகும்.

கட்டுரை எழுதினோம். கடைசியில் ஒரு வரி வேண்டும்: எதிர்காலத்தில் இது புற்றுநோய் மருந்தாக அமையும் வாய்ப்புண்டு. எல்லோரும் எழுதுகிறார்கள், நானும் எழுதினேன். விஞ்ஞானிகள் அந்த வரியைப் படிப்பதே இல்லை. கடிதத்தின் முடிவில் 'இப்படிக்கு' போடுகிற மாதிரி அது. ஆனால் கல்லூரியிலிருந்து பத்திரிகைக்குச் செய்தி கொடுத்தார்கள். நிருபர் ஃபோனில் கூப்பிட்டு, "சார், சுருக்கமா ஒரு வரி" என்றார். நான் நாற்பது நிமிஷம் விளக்கினேன். மறுநாள் கொட்டை எழுத்தில், 'புற்றுநோயை மிரட்டும் பேய்மிரட்டி: தென்காசிப் பேராசிரியர் சாதனை' என்று வந்தது. என் படத்தோடு. இவர்களுக்கு என்ன படிப்பு இருக்கிறது சொல்லுங்கள்.

அந்தச் செய்தி இப்போதும் எங்கள் துறை வாசலில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. மாணவர்கள் மாட்டியது. சட்டம்தான் நான் வாங்கிக்கொடுத்தேன். ஒட்டினால் சுவர் பாழாகிவிடும்.

அடுத்த பிப்ரவரியில் அவன் வந்தான். எங்களுக்குப் பிப்ரவரி ரெக்கார்டு மாதம். செய்முறைத் தேர்வுக்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளும் ரெக்கார்டு நோட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். படம் பென்சிலில் வரைந்திருக்கிறதா, பாகம் குறித்திருக்கிறதா, மார்ஜின் இருக்கிறதா என்று பார்த்து, தப்பைச் சுழித்து, சிவப்பு மையில் ஒரு டிக், கீழே தேதியோடு கையெழுத்து. ஒரு நாளைக்கு நூற்றைம்பது, இருநூறு. வீட்டில் சாப்பிடும்போதுகூடக் கை தானாகச் சுழியும்.

அந்த வரிசையில் இவனும் நின்றிருக்கிறான். ஐம்பது வயசுக்காரன். பிள்ளைகள் சிரிப்பதுகூடத் தெரியாமல் நிற்கிறான். தலையை நிமிர்த்திப் பார்த்தால், வெள்ளைச் சட்டை, பையில் டார்ச், கையில் பாலித்தீன் உறை. உறைக்குள் என் படம்.

"பேய்மிரட்டி சார் நீங்கதான?"

"நான் தாவரவியல் பேராசிரியர்."

"அதான் சார். ஒங்களத்தான் தேடி வாரேன். எம்பேரு மாடக்கண்ணு. பஞ்சாயத்து டேங்கு ஆபரேட்டர். வீட்டுல அவளுக்கு மாருல கட்டி. டாக்டரு அதுதான்னு சொல்லிட்டாரு."

வருத்தம் தெரிவித்தேன். நான் கல்நெஞ்சன் இல்லை. பிறகு தெளிவாகச் சொன்னேன், எங்களுடையது இன் விட்ரோ ஆய்வு, இன் விவோ இன்னும் செய்யவில்லை என்று. கண்ணாடித் தட்டில் பார்த்தது, உயிருள்ள உடம்பில் பார்க்கவில்லை, அவ்வளவுதான் அர்த்தம். "சரி சார்" என்றான். சரி என்றால் புரிந்தது என்றுதானே அர்த்தம்? புரியாவிட்டால் கேட்க வேண்டியதுதானே? எங்கள் மாணவர்களும் இப்படித்தான், எல்லாவற்றுக்கும் ஒரு சரி சார். இந்த நாட்டில் கேள்வி கேட்கிற வழக்கமே செத்துவிட்டது.

அதற்குள் அவன் நோட்டை விரித்துவிட்டான். வால்வு திறந்த நேரம், அடைத்த நேரம் எழுதுகிற பஞ்சாயத்து நோட்டு. அதே கட்டங்களில் தேதி, நேரம், இலை, தண்ணீர், குடித்தது, மிச்சம் வைத்தது என்று எழுதியிருக்கிறான். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முறை? முறை பூராவும் தப்பு.

"எப்படிக் காயவைக்கிறே?"

"மொட்டமாடியில, நல்ல வெயில்ல சார்."

"வெயிலிலா? உள்ளே இருக்கிறதெல்லாம் போயிருமேய்யா! நிழல்ல காயவைக்கணும். எவ்வளவு இலை?"

"ஒரு கை சார்."

"யார் கை? உன் கையா, அவ கையா? தராசுல நிறுக்கணும். எதுல கொதிக்கவைக்கிறே?"

"அலுமினியச் சட்டியில."

எனக்குப் பதறிவிட்டது. எவர்சில்வர் பாத்திரம், பூப்பதற்கு முன்னால் பறித்த இலை, மூடிபோட்டுச் சிறு தீ, ஒரே நேரத்தில் குடிக்க வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன். கண் எதிரே ஒருவன் தப்பாகச் செய்வதைப் பார்த்துக்கொண்டு எந்த ஆசிரியனாவது சும்மா இருப்பானா? போகும்போது, "நீங்க ஊறவச்சதா பேப்பர்ல போட்டிருக்கே, அந்தத் திரவம் எங்க சார் கெடைக்கும்?" என்று கேட்டான். மெத்தனாலைக் கேட்கிறான்! குடித்தால் கண் அவிந்துபோகும். "அதைத் தொடாதே, தண்ணியே போதும்" என்று அதட்டினேன். ஓர் உயிரை அன்றைக்கு நான் காப்பாற்றினேன். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் யாரும் அதைச் சொல்வதில்லை.

பக்கத்தைச் சரிபார்த்தேன். டிக் போட்டேன். தேதியோடு கையெழுத்துப் போட்டேன். அடுத்த நோட்டை வாங்கினேன்.

ஊசி ஏற்றிக்கொள்கிறாளா, ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களா என்று ஏன் கேட்கவில்லை என்கிறாள் ஹசீனா. நான் ஏன் கேட்க வேண்டும்? நான் என்ன டாக்டரா? எனக்குத் தெரியாத துறையில் நான் வாய் வைப்பதில்லை. அது ஒழுக்கம்.

பதினைந்து நாள் கழித்து மறுபடியும் வந்தான். இந்த முறை மார்ஜின் போட்டிருந்தான். நிழலில் காயவைத்ததற்கு ஒரு கட்டம், தராசு எடைக்கு ஒரு கட்டம். ஒரு பக்கத்தில் வெள்ளை நூல் ஒன்றை நீளவாக்கில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தான். பக்கத்தில் தேதி.

"இது என்ன?"

"கட்டியோட அளவு சார். இந்த முனையிலேருந்து அந்த முனை. டேங்குல தண்ணி மட்டத்தக் கயிறு விட்டுத்தான் பாப்போம். அந்த மாதிரி."

பாருங்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லவில்லை. எங்கள் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளில் ஒருவனுக்கும் இந்தப் புத்தி கிடையாது. எழுதச் சொன்னால் காப்பியடிப்பான், அளக்கச் சொன்னால் கண்ணால் பார்த்துச் சொல்வான். இவன் படிக்காதவன், நூல் வைத்து அளக்கிறான். "நூல் இழுபடும், மெழுகு தடவிக்கோ. அளக்கிற ஆள் மாறக் கூடாது. ஒரே நேரத்துல அள" என்றேன். "நான்தான் சார் அளக்கேன். காலையில தண்ணி தொறந்து விட்டுட்டு வந்து அளப்பேன்" என்றான். அவள் கூச்சப்பட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாளாம். அதையும் சொன்னான். எனக்கு அது தேவையில்லாத தகவல்.

மூன்றாம் முறை வந்தான். நான்காம் முறை வந்தான், ஐந்தாம் முறையும் வந்தான். மூன்றாவது நூல் இரண்டாவதைவிட நீளம். நான்காவது அதைவிடவும் நீளம். நான் பார்க்காமல் இல்லை. ஒட்டின நாலு நூலையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தேன். 'அளவீட்டுப் பிழை?' என்று ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். கேள்விக்குறியோடு எழுதினேன், அதைக் கவனிக்க வேண்டும். வெறும் நாலு அளவை வைத்துக்கொண்டு எந்த விஞ்ஞானியும் முடிவுக்கு வர மாட்டான்.

"கூடியிருக்கோ சார்?" என்றான்.

"இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. இன்னும் ரெண்டு மூணு அளவு எடுத்துட்டு வா."

"சரி சார்."

கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்குத்தான் ஹசீனா அவனை வராந்தாவில் பிடித்திருக்கிறாள். அவளுக்கு என்ன வேலை அங்கே? குடுவை கழுவப் போனவள். கால் மணி நேரம் கழித்து அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் அறைக்குள் வருகிறாள். கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது. ஆராய்ச்சி செய்கிறவள் அழலாமா? கொரியாவில் ஒருத்தி அழுது நான் பார்த்ததில்லை.

"சார், அவங்க ஊசிய நிறுத்தி ரெண்டு மாசமாச்சு சார்."

"யாரு?"

"மாடக்கண்ணு அண்ணன் வீட்டுல. எட்டு ஊசின்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு போட்டிருக்காங்க. முடி கொட்டி, வாந்தியெடுத்து, தலையே தூக்க முடியலையாம். இவரால பாக்க முடியல. அப்பத்தான் உங்ககிட்ட வந்திருக்காரு. நீங்க பாத்ததுக்கப்புறம் ஊசிக்கே போகல."

"நான் நிறுத்தச் சொன்னேனா?"

"நீங்க சொல்லல சார். ஆனா நீங்கதான்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

"எங்கே சொல்லியிருக்கிறேன்? காட்டு."

நோட்டைத் திறந்து மேஜையில் வைத்தாள். பக்கம் பக்கமாகத் திருப்பினாள். பக்கத்துக்கு ஒன்றாகப் பதினொரு கையெழுத்து. நானே அத்தனை இருக்கும் என்று நினைக்கவில்லை.

"கையெழுத்துன்னா பார்த்தேன்னு அர்த்தம். சரின்னு அர்த்தமில்லை."

"பிள்ளைங்க ரெக்கார்டுல போட்டா சரின்னுதான சார் மார்க் குடுக்கோம்?"

வாய். இதைத்தான் சொல்கிறேன். கேள்வி கேட்கிற வழக்கம் செத்துவிட்டது என்றேன் அல்லவா, கேட்டால் இந்த மாதிரித்தான் கேட்பார்கள்.

"ஒரே ஒரு வரி சொல்லிருங்க சார். இது வேலை செய்யாது, ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு. நீங்க சொன்னா கேப்பாங்க. நான் சொன்னேன், கேக்கல. 'பாப்பா, சாரே கையெழுத்துப் போட்டுட்டாரு'ன்னு என்னையே சமாதானப்படுத்துறாரு."

அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? வேலை செய்யாது என்று சொல்வது அறிவியல் ஆகாது. வேலை செய்யும் என்று சொல்ல எத்தனை ஆதாரம் வேண்டுமோ, செய்யாது என்று சொல்லவும் அத்தனை வேண்டும். அது போக, அவளுடைய ஆய்வே இதுதான். வழிகாட்டியே வேலை செய்யாது என்று வெளியே சொன்னான் என்றால், நாளைக்கு வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்து இவள் என்ன பதில் சொல்வாள்? பத்திரிகையில் வந்திருக்கிறது, துறையின் பெயர் இருக்கிறது. எல்லாம் அவள் நன்மைக்காகத்தான் யோசித்தேன். சொன்னேன் அவளிடம்.

"கேட்டா நான் சொல்லிக்கிடுதேன் சார்" என்றாள். "அவங்களுக்கு நாள் போய்க்கிட்டிருக்கு."

சரி, கூட்டிவா, முறைப்படி விளக்குகிறேன் என்றேன். மறுநாள் கூட்டிவந்தாள். நல்ல வேளையாக வகுப்பில்லாத நேரம். மூன்று பேரையும் ஆய்வுக்கூடத்தில் முன்பெஞ்சில் உட்காரவைத்தேன். மாடக்கண்ணு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அவள் பெயர் ஆவுடைச்செல்வியாம். முந்தானையால் தலையை இறுக்கி மூடியிருந்தாள். ஒல்லி. விரல் நுனியெல்லாம் பீடித்தூள் ஏறிக் கறுத்திருந்தது. இடது தோளைக் கொஞ்சம் தூக்கினாற்போல, எதையோ இடித்துவிடாமல் காப்பாற்றுகிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் குப்பிகளைப் பார்க்கவில்லை, படங்களைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். அது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பாடம் நடத்தும்போது பலகையைத்தான் பார்க்க வேண்டும்.

நான் குறை வைக்கவில்லை. பலகையில் படம் போட்டு ஆரம்பித்தேன். செல் என்றால் என்ன, அது எப்படிப் பெருகுகிறது, கண்ணாடித் தட்டில் வளர்வதற்கும் உடம்பில் வளர்வதற்கும் என்ன வித்தியாசம், வாயில் போட்ட மருந்து குடலில் என்னாகிறது, கல்லீரல் என்ன செய்கிறது. நித்யகல்யாணியைச் சொன்னேன், அமெரிக்கக் காட்டில் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து மருந்து எடுத்ததைச் சொன்னேன், அதற்கு எத்தனை வருஷம் ஆனது என்று சொன்னேன். கொரியாவில் எங்கள் எலிகள் செத்ததைக்கூடச் சொன்னேன். எம்.எஸ்சி. பிள்ளைகளுக்கு நடத்துவதை இவர்களுக்கு நடத்தினேன், ஒரு மணி நேரம். யார் செய்வார்கள்? மாடக்கண்ணு ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினான். இரண்டு இடத்தில் நோட்டில் குறித்துக்கொண்டான். ஹசீனா மட்டும் நிமிஷத்துக்கு ஒரு தரம் "சார்" என்றாள். "சார், அதைச் சொல்லிருங்க சார்." வருகிறேன், வருகிறேன் என்று கையைக் காட்டினேன். எதையும் அடிப்படையிலிருந்து வரவேண்டும்.

அப்போதுதான் அந்தப் பெண் வாயைத் திறந்தாள்.

"சார், ஒரு சந்தேகம்."

"கேளுங்கம்மா." எனக்குச் சந்தோஷம்தான். ஒரு மணி நேரத்தில் ஒரு கேள்வி வந்ததே.

"ஒங்க வீட்டு அம்மாவுக்கு இது வந்திருந்தா, இந்தக் கஷாயத்தக் குடுப்பீயளா?"

என்ன கேள்வி இது? நான் இவ்வளவு நேரம் என்ன நடத்தினேன், இவள் என்ன கேட்கிறாள்? செல்லைப் பற்றிக் கேட்டாளா, கல்லீரலைப் பற்றிக் கேட்டாளா?

"அது அறிவியல் கேள்வி இல்லம்மா."

"சரி சார்," என்றாள். பிறகு மறுபடியும், "குடுப்பீயளா?"

பலகையில் இடமில்லை. அடுத்த படம் போட வேண்டும். டஸ்டரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். என் மனைவியின் வயது வேறு, உடல்வாகு வேறு, நோயின் நிலை வேறாக இருக்கலாம், அப்படி ஒப்பிடுவது முறையல்ல, இதைத்தான் சொல்ல இருந்தேன். துடைத்து முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன். எவ்வளவு நேரம் துடைத்திருப்பேன்? ஒரு நிமிஷம். ஒன்றரை. பின்னால் பெஞ்சு நகர்கிற சத்தம் கேட்டது.

"எந்திரிங்க, போவோம்."

"ஏட்டி, உக்காரு. சார் இன்னும் முடிக்கல."

"சார் முடிச்சிட்டாவ."

திரும்பிப் பார்க்கிறேன், எழுந்து நிற்கிறாள். அந்த உடம்புக்கு அவ்வளவு வேகமாக எழுந்திருக்க முடியுமென்று நான் நினைக்கவில்லை. மாடக்கண்ணு என்னைப் பார்க்கிறான், அவளைப் பார்க்கிறான். "சார், என்ன சார் சொல்லுதா இவ? நீங்க சொல்லுங்க சார். கையெழுத்துப் போட்டீயள்லா?" என்கிறான். குரல் கிறீச்சென்று போய்விட்டது. ஐம்பது வயசு ஆம்பளை. அவன் மடியிலிருந்த நோட்டை அவள் எடுத்து என் மேஜைமேல் வைத்தாள். எறியவில்லை, வைத்தாள்.

"இது இங்கனயே கெடக்கட்டும். நீங்க வாங்க, ரெண்டரை பஸ்ஸப் பிடிச்சா இன்னைக்கே டாக்டரப் பாத்துரலாம்."

ஒரு நன்றி கிடையாது. ஒரு வணக்கம் கிடையாது. ஹசீனாவும் பையைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு போனாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவளுக்கு விடுப்பே இல்லை.

பிறகு என்ன ஆயிற்று என்கிறீர்களா? டாக்டர் சத்தம் போட்டாராம். ரெண்டு மாசத்தைத் தூக்கி எறிஞ்சிட்டு வந்து நிக்கீங்களே என்றாராம். ஆனாலும் மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது மூன்று ஊசி முடிந்திருக்கிறது. முன்பே வந்திருந்தால் அறுத்து எடுத்திருக்கலாமாம். இப்போது எடுக்க முடியுமா என்பதை இந்த மாதக் கடைசியில் ஸ்கேன் பார்த்துத்தான் சொல்வார்களாம். ஊசி நாளில் ஹசீனாதான் கூடப் போய் வாந்திக்கு டப்பா பிடிக்கிறாள். மாடக்கண்ணு வாசலில் உட்கார்ந்து அழுகிறானாம். ஆராய்ச்சி அப்படியே நிற்கிறது. அதைக் கேட்டதற்குத்தான் இந்த வேலை செய்திருக்கிறாள்: வழிகாட்டியை மாற்றித் தரச் சொல்லிப் பல்கலைக்கழகத்துக்கு மனு. மனுவோடு, என் மேஜையில் கிடந்த அந்த நோட்டை எடுத்துப்போய்ப் போட்ட நகல். பதினொரு கையெழுத்தும், பென்சிலில் எழுதிய என் கேள்விக்குறியும். ஆய்வேட்டில் இருக்கிற அந்த 'வாய்ப்புண்டு' என்ற கடைசி வரியையும் எடுத்துவிடப் போகிறாளாம். எடுத்தால் எவன் பட்டம் கொடுப்பான்?

நான் எழுதிவைத்திருக்கிற விளக்கம் பதினான்கு பக்கம். வேண்டுமானால் காட்டுகிறேன். சரி, வேண்டாம்.

நீங்களே சொல்லுங்கள், இதில் என் தவறு எங்கே? கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அலுமினியத்தை நிறுத்தினேன், மெத்தனாலிலிருந்து காப்பாற்றினேன். ஒரு மணி நேரம் நின்றுகொண்டே பாடம் நடத்தினேன். அவளுக்குத்தான் பொறுமை இல்லை. இன்னும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன். இப்படிப் பாதியில் எழுந்து போனால் நான் என்ன செய்ய முடியும்?

என்ன சொல்லியிருப்பேன் என்றா கேட்கிறீர்கள்?

பாருங்கள், நீங்களும் அவளைப் போலவே கேட்கிறீர்கள். படித்தவர் மாதிரி இருக்கிறீர்கள் என்று நினைத்தேன். அதெல்லாம் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிற விஷயமா? அவசரப்படாதீர்கள். சொல்கிறேன். ஆலங்குளமே இப்போதுதான் தாண்டியிருக்கிறது, இறங்குவதற்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது.